எழுந்திருக்க ஒரு நிமிடம்

பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகள் கூழ் ஆலை வாசலில் நிற்கத் தொடங்கிவிட்டன. ஜன்னலைத் திறந்தால் அந்தப் புளித்த இனிப்பு வாசனை. பருவம் முழுக்க கிருஷ்ணகிரியே அதில் மிதக்கும். உனக்கு அது தலைவலி. எனக்கு இன்று அதில் நீ வந்தாய்.

மூக்கண்டப்பள்ளியில் நாம் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து எழுதிய முதல் கான்ஃபிக். ஆலையின் குளிர் அறைகளைக் கவனிக்கும் நிரல், கன்டெய்னர் கிளஸ்டர் என்கிற கணினிக் கூட்டத்தில் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் சின்னக் கோப்பு. உயிரோடு இருக்கிறாயா என்று அந்த நிரலைக் கிளஸ்டர் அவ்வப்போது கேட்கும். பதில் வராவிட்டால் கொன்றுவிட்டு மறுபடி எழுப்பும். என் லேப்டாப்பில் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. பழம் வந்து இறங்குவதற்குள் காட்டிவிட வேண்டுமென்று அப்படியே ஆலைக்குக் கொண்டுவந்து ஏற்றினோம்.

இங்கே அது எழவே இல்லை. வருவதும் சாவதுமாக இருந்தது. மேலாளர் பின்னால் வந்து நின்று, சரிப்படாவிட்டால் பெங்களூர் ஆட்களிடமே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நான் வரிவரியாகப் பிழை தேடினேன். பதறினால் தெலுங்கில் முணுமுணுக்கும் நீ, அன்று கன்னத்தில் கைவைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய், பாதித் தூக்கத்தில் இருப்பவளைப்போல.

"தப்பு ஒண்ணும் இல்ல டீ. இங்க அத்தனை ரூமோட டெம்பரேச்சரையும் படிச்சுட்டுதான அது எந்திரிக்கணும்? அதுக்குள்ள செத்துப்போச்சுன்னு நாமளே முடிவு கட்டிடறோம். ஒரு நிமிஷம் விட்டுப் பாரு."

முதல் கேள்விக்கு முன் ஒரு நிமிடம் பொறு என்று ஒரு வரி சேர்த்தாய். எழுந்துவிட்டது. மிரட்டிய மேலாளரே ஒரு பை பழம் கொடுத்தனுப்பினார். அறைக்குத் திரும்பும் பஸ்ஸில் கையெல்லாம் வழிய வழியத் தின்றோம்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலென்று படுத்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் விட்டுத்தான் பார்த்தேன். நீ எழவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இன்று, புதிதாகச் சேர்ந்த பெண் அந்த வரியைக் காட்டினாள். மெஷின்கள் வேகமாகிவிட்டனவே அக்கா, இந்த ஒரு நிமிடம் வீண்தானே, எடுத்துவிடட்டுமா என்றாள். அவள் சொல்வது சரிதான். நிரல் இப்போது ஏற்றியதும் எழுந்துவிடுகிறது. இருக்கட்டும் என்றேன். ஏன் என்று அவள் கேட்பதற்குள் டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஒவ்வொரு முறை ஏற்றும்போதும், நீ சொன்ன அந்த ஒரு நிமிடம் கிளஸ்டர் எதுவும் கேட்காமல் நிற்கிறது. நானும் எதையும் தொடுவதில்லை. அது முடியும்வரை, நீ பக்கத்து நாற்காலியில் இருக்கிறாய்.