கட்டைவிரல் மோதிரம்

டேஜோன்
ஞாயிறு மாலை

யேரின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மனமில்லை, ஆனாலும் கேட்கிறேன். யேரின் நன்றாக இருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டுமென்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். பிரான்சில் ரொட்டியைத் தின்றே காலத்தை ஓட்டுகிறீர்கள் என்று உங்கள் தங்கை சொன்னாள். மிளகாய்ப் பொடியும் நெத்திலிக் கருவாடும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சாப்பிடுங்கள்.

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் மகளோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். பாதியில் மூடிவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே நம் அணுக்கரு இணைவு இயந்திரம் படுத்துவிட்டது. பிளாஸ்மா அழகாகத்தான் எழுகிறது. சூட்டை ஏற்றியதும் இருக்கிற வெப்பத்தையெல்லாம் ஒளியாகக் கொட்டிவிட்டு அணைந்துபோகிறது. இந்தச் சோதனைப் பருவத்திலும் ஒன்றும் காட்டாவிட்டால் அடுத்த வருடம் நம்மை ஓட்டவே விடமாட்டார்கள். தொடக்கப் பூசையில் வைத்த பன்றித் தலைதான் காரணம் என்று முதலில் நம் குழுவின் பியோ எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். "சிரிச்ச மூஞ்சிப் பன்றியா பாத்து வாங்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். உம்முனு இருக்கறதை வாங்கிட்டு வந்தீங்க. பிளாஸ்மாவும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது" என்பான்.

இப்போது அவன் சிரிப்பதில்லை. கலனின் உட்சுவரில் பதித்த டங்ஸ்டன் உலோக ஓடுகள் அவன் பொறுப்பு அல்லவா? கனமான உலோகம் துளி கலந்தாலும் பிளாஸ்மா குளிர்ந்துவிடும். இயக்குநர் ஹாம் வெள்ளிக்கிழமை எல்லோர் எதிரிலும், "உன் ஓடுதான்ப்பா உதிருது. நீயா ஒத்துக்கிட்டா கௌரவமா போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். நாளைக் காலைக் கூட்டத்தில் அவனை நீக்கப் போகிறார்கள். அவன் மனைவிக்கு இது நிறைமாதம்.

ஓடு உதிரவில்லை. எனக்குத் தெரியும். சூடான உலோகம் ஒவ்வொன்றும் தனக்கென்று சில ஒளிக்கோடுகளைக் காட்டும். அதைப் படிப்பதுதானே என் பிழைப்பு? டங்ஸ்டன் கோடுகளை ஒட்டினாற்போல் வேறு கோடுகள் தெரிந்தன. கருவிக் கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே திரும்பத் திரும்பப் பார்த்தேன். தங்கம். கலனுக்குள் பிளாஸ்மா தொடும் இடத்தில் எங்கும் தங்கம் கிடையாது.

பழுது பார்க்கக் கலனுக்குள் இறங்கும்போது மற்றவர்கள் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் போடுவார்கள். நீங்கள் மட்டும் என்னைக் கூப்பிட்டு, கல்யாண மோதிரத்தை என் கட்டைவிரலில் மாட்டிவிட்டு இறங்குவீர்கள். "பத்திரமா வெச்சுக்கோ, வந்து வாங்கிக்கிறேன்" என்பீர்கள். "போதும்ப்பா, படம் முடிஞ்சுதா?" என்று பியோ கத்துவான். எனக்கு வெட்கமாக இருக்கும், பிடித்தும் இருக்கும்.

கடைசியாக நீங்கள் இறங்கியது, பிரான்ஸ் வேலைக்காக நாம் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த வாரம். நீங்கள் கூப்பிடவில்லை. நானும் வரவில்லை. மோதிரம் கையுறைக்குள்ளேயே உங்களோடு இறங்கியிருக்கிறது. அப்போது இளைத்துப்போயிருந்தீர்கள். கையுறை மாற்றும்போது தானாகக் கழன்று ஓடுகளின் இடுக்கில் விழுந்திருக்கும் என்று நம்பத் துடிக்கிறேன். ஆனால் மகளோடு வீடியோவில் பேசும்போது இடது கையை மேசைக்கு மேலே எடுப்பதே இல்லையே.

நாளை நான் எழுந்து சொல்லிவிடுவேன். பியோவைப் பலிகொடுத்துவிட்டு என்னால் சோறு தின்ன முடியாது. அதற்கு முன் நீங்களே ஹாமைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அங்கே உங்கள் வேலைக்கு ஆபத்து வரலாம். வரட்டும், இருவரும் சேர்ந்து தாங்கிக்கொள்வோம். சேர்ந்து என்று எழுத இன்னும் எனக்கு உரிமை இருக்கிறதா?

அது தங்கம் என்று மட்டும்தான் என் கருவி சொல்லும். தவறி விழுந்ததா, வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

கலனைத் திறக்கத்தான் போகிறார்கள். உருகியது போக மிச்சம் ஏதாவது கிடக்கும். அதை எடுக்க வேறு யாரும் இறங்க வேண்டாம், நீங்களே வாருங்கள். இந்த முறை கூப்பிடாமலே வந்து கலன் வாசலில் நிற்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யேரின் அம்மா