தோசைத் திருப்பி ஏறிய கார்

யாழினி அப்பாவுக்கு,

நான் இன்னும் உங்களோடு பேசவில்லை, எழுதத்தான் செய்கிறேன். கோயில் கிச்சனில் காய் நறுக்கப் போகிறேன். ரசத்தைச் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மை நம்பிக் காரை விட்டுப் போன மகள் சாயங்காலம் எடுக்க வருகிறாள். கார் மேல் உறைந்த பனியைத் தோசைத் திருப்பியால் சுரண்டுகிற மனுஷரை இந்த அமெரிக்காவில், எடிசன் ஊரில், வேறெங்கே பார்ப்பேன்? "சும்மா ஒரு கோடுதானே" என்கிறீர்கள். கோடா அது? கூரை முழுக்கக் கோலம்!

வெயில் ஏறின பிறகு கழுவுங்கள். பனி உருக ரோட்டில் தூவுகிற உப்பு கார் முழுக்க அப்பியிருக்கிறது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அதை ஓட விடுங்கள். உப்போடு தேய்த்தால் இன்னொரு கோலம் விழும். கொதிக்கிற தண்ணீர், பாத்திர நார், இரண்டையும் தொடாதீர்கள். மெத்தென்ற துணியால் கதவு இடுக்கு வரை துடையுங்கள், ஈரம் இருந்தால் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

யாழினி அம்மா

பி.கு: கீறல் என் வேலை என்று அவளிடம் போனில் சொல்லிவிட்டேன். உங்களைத் திட்ட நான் ஒருத்தி போதாதா? "அம்மா, ரூஃப் உனக்கு எட்டவே எட்டாதே!" என்று சிரிக்கிறாள். ஸ்டூல் மேல் ஏறினேன் என்றேன். மறக்காமல் ஒரு ஸ்டூலைக் கார் பக்கத்தில் போட்டு வையுங்கள்.