திருப்பி அனுப்பிய தட்டுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் அப்பாவைத் தவிர. போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்ததுமே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடற்கரையில் இருக்கும் அந்தப் பேர்போன மீன் ஓட்டலுக்குப் போனோம். ஆமாம், உன் அண்ணன் சமைக்கிற ஓட்டல்தான். படகு இன்ஜின் பட்டறையை விட்டுக் கரண்டி பிடிக்கப் போனவன் என் மகனே இல்லை என்று நாலு வருஷம் முறுக்கிக்கொண்டிருந்த மனுஷன், எனக்கே தெரியாமல் ரெண்டு மாசம் முன்பு மேசை பதிவு செய்திருக்கிறார். அதுவும் என் பெயரில்! இஸ்திரி போட்ட சட்டை வேறு. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எல்லாம் கால் மணி நேரம்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது தட்டைத் திருப்பி அனுப்பினால், அதைச் சமைத்தவரே மேசைக்கு வந்து என்ன குறை என்று கேட்க வேண்டும். இது உன் அப்பாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நண்டு சூப் வந்தது. ஒரு வாய்கூடக் குடிக்காமல், ஆறிப்போச்சு என்று திருப்பினார். ஆவி பறக்கிறது, ஆறிப்போச்சாம்! பாவம், அதைச் சமைத்த ஒரு சின்னப் பெண் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். நல்லாத்தாம்மா இருக்கு, நீ போ என்று அனுப்பிவிட்டார். அடுத்து இறால். வேகவில்லையாம். தொப்பை குலுங்க ஒரு பெரியவர் வந்தார். அவரிடமும் அதே பல்லவி. பக்கத்து மேசைக்காரர்கள் எங்களையே பார்க்கிறார்கள், எனக்கு மானமே போயிற்று. மகனைப் பார்க்கணும்னா வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே என்று அவர் காலை மிதித்தேன். காது கேட்காத மாதிரி கடலைப் பார்த்தார்.

மூன்றாவது, சுட்ட மீன். அதுவும் திரும்பிப் போனது. அதே தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு உன் அண்ணன் வந்தான். தலையில் தொப்பி, மூக்குவரை மாஸ்க். என்ன சார் குறை என்று கேட்டான். பெற்ற அப்பனைச் சாராம்! இவராவது, அந்த மாஸ்க்கைக் கழட்டுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உப்பு கம்மி என்றார். அவன் தட்டை வைத்து, உப்பு ஜாடியையும் எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். இப்படி ரெண்டு பேரை நான் எங்கே போய்ச் சொல்லி அழ?

அந்த மீனை நான்தான் சாப்பிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாலும் சொல்கிறேன், அப்படி ஒரு மீனை இதுவரை நான் தின்றதில்லை.

பஸ்ஸில் வரும்போது திட்டித் தீர்த்தேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். வலது கண் போய்விட்டதாம். இடது கண்ணும் மழைக்காலம் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லி ரெண்டு மாசம் ஆகிறதாம். கண்ணு இருக்கும்போதே அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துடலாம்னு போனேன், அவன் மூடிக்கிட்டு வந்து நிக்கிறான் என்றார். அழுத்தக்காரர், என்னிடம்கூட மூச்சு விடவில்லை. தினமும் பேப்பரை விரித்துவைத்துப் படிக்கிற மாதிரி நடித்திருக்கிறார். நானும் நம்பியிருக்கிறேன், மடச்சி.

அண்ணனிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று வாங்கவில்லை. அவன் உன் பேச்சைக் கேட்பான், வரச் சொல். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பேசக்கூட வேண்டாம். நல்ல வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாக, கொஞ்ச நேரம் அவர் எதிரே உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

எப்படியாவது லீவு சொல்லி நீயும் கிளம்பி வா. உன் முகத்தைப் பார்க்கணும் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற ஆளா அவர்?

நீ நல்லா இருக்கணும், கண்ணே.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
அம்மா