பக்கத்து இருக்கையின் மணி

ஹிஹோன்
8 அக்டோபர் 2022

அன்பு அண்ணனுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் அனுப்பிய தைலத்தை நீ திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாய். இங்கே ஒரு வாரமாக மழை.

வக்கீல் கொடுத்த படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சின்ன அண்ணன் தெல்மிரோ இறந்துவிட்டான் என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டுமானால், அவனைக் கடைசியாகப் பார்த்தவன் என்ற முறையில் உன் வாக்குமூலம் வேண்டுமாம். 1978இல் காவலர்களிடம் சொன்னதையே எழுது. ஞாயிறு மத்தியானம் அரெனால்தா கடற்கரையில் இறங்கினான், நீந்திவிட்டு பஸ்ஸில் வருவதாகச் சொன்னான், நீ வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். மொத்தம் நான்கு வரி. அதை எத்தனை வருடமாகத் தள்ளிப்போடுகிறாய்!

எனக்கு எழுபது வயது. வருடா வருடம் நவம்பர் ஒன்றாம் தேதி, அனைத்துப் புனிதர் திருநாளன்று, அப்பா அம்மா கல்லறையில் ஒரு கொத்துச் சாமந்தி வைத்துவிட்டு, இன்னொரு கொத்தை அந்தக் கடலில் போட்டுவிட்டு வருகிறேன். போன வருடம் அங்கே சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “நீங்க போட்ட பூவையெல்லாம் அலை திருப்பிக் கொண்டாந்து போட்டுடுதும்மா. ஒவ்வொரு வருஷமும் பாக்குறேன்.”

சின்ன அண்ணன் பெயரைக் குடும்பக் கல்லில் பார்த்துவிட்டுத்தான் நான் சாக வேண்டும்.

உன் தங்கை
ஒலாயா

*

ஒவியேதோ
11 அக்டோபர் 2022

அன்புத் தங்கை ஒலாயாவுக்கு,

தைலத்தை இரண்டு நாள் தடவினேன். மூன்றாம் நாள் மறந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

படிவத்தை ஐந்து முறை படித்தேன். “மேற்கண்டவை உண்மையென உறுதி கூறுகிறேன்” என்ற வரியில் பேனா நின்றுவிடுகிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் அதே வரிக்குக் கீழே மற்றவர்களைக் கையெழுத்துப் போட வைத்தவன் நான். இதைச் சிரிப்புக்காக எழுதவில்லை.

வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் அன்று போன அதே பாதையில் போய்வரலாம் என்றிருக்கிறேன். சனிக்கிழமை மலையில் அதே விடுதி, ஞாயிறு காலை பெனாவெர்தே கணவாய், பிறகு இறங்கிக் கடற்கரை. பழைய நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நேரம், தூரம், பெட்ரோல் எல்லாம் அதில் குறித்திருக்கிறேன். நினைவை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன். இது கோழைத்தனமாகவும் இருக்கலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

புது வண்டி எதற்கெடுத்தாலும் மணி அடிக்கிறது. பக்கத்து இருக்கையில் காய்கறிப் பையை வைத்தால்கூட அதற்குப் பெல்ட் மாட்டச் சொல்கிறது. மாற்றுச் சாவி உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்
எலாதியோ

*

ஒவியேதோ
18 அக்டோபர் 2022

அன்புள்ள ஒலாயா,

இதை உட்கார்ந்து படி. போனில் சொல்ல எனக்கு நாக்கு எழாது.

சனிக்கிழமை குறையொன்றுமில்லை. விடுதியில் பீன்ஸும் பன்றி இறைச்சியும் கொடுத்தார்கள். பாதிதான் சாப்பிட முடிந்தது. ஞாயிறு காலை பத்தரைக்குக் கணவாய்க்கு ஏறினேன். அன்று போலவே மூடுபனி. சாலையோரக் கம்பிவேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு நோட்டைத் திறந்தேன்.

தெல்மிரோ கடற்கரையில் இறங்கவில்லை, ஒலாயா. இங்கேதான் இறங்கினான்.

வழியெல்லாம் என் நோட்டைக் கேலி செய்துகொண்டே வந்தான். கணவாயில் வண்டியை நிறுத்தச் சொன்னான். “எழுதிக்கோ அண்ணா. பத்து நாப்பது, தம்பி ஒண்ணுக்குப் போக இறங்கினான். எத்தனை லிட்டர்னு வந்து சொல்றேன்” என்றான். அதுதான் அவனுடைய கடைசி வார்த்தை என்பது தெரியாமல் நானும் பத்து நாற்பது என்று எழுதினேன். அந்த எழுத்து இன்னும் அழியவில்லை.

அவன் திரும்பவில்லை. ஹாரன் அடித்தேன், கூப்பிட்டேன். சின்ன வயதிலிருந்தே ஒளிந்துகொண்டு என்னைத் தேட வைப்பது அவன் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். நான் பதறுவதைப் பார்த்து மரத்துக்குப் பின்னாலிருந்து சிரிப்பான். இன்றைக்குத் தேடப்போவதில்லை, நடந்தே இறங்கி வரட்டும் என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் ஒருமுறைதான் எனக்கு அந்த அளவு கோபம் வந்திருக்கிறது. பதினொன்றுக்கு வண்டியை எடுத்தேன்.

கடற்கரையில் மாலைவரை காத்திருந்தேன். வரவில்லை. வீட்டில் அம்மா கதவைத் திறந்து, “அவன் எங்கடா?” என்று கேட்டாள். தனியாக விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நீந்தப் போனான் என்றேன். மறுநாளே படகுகள் கிளம்பிவிட்டன. அதன் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? மலையில் யாரும் தேடவில்லை.

இனி எழுதப்போவதை நீ நம்ப வேண்டாம். எனக்கே சந்தேகம்தான்.

இந்த முறையும் பத்து நாற்பதிலிருந்து பதினொன்றுவரை அங்கே நின்றேன். பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தேன். ஏன் என்று கேட்காதே. பிறகு அதை மூடிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மணி அடித்தது. இருக்கையில் ஒன்றுமில்லை. நோட்டு என் மடியில் இருந்தது. இரண்டு வளைவுவரை அது விடாமல் அடித்தது. நிறுத்தி, காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினேன். நின்றுவிட்டது. பிறகு மெதுவாக ஓட்டினேன்.

அரெனால்தாவில் ஆப்பிள் மதுக்கடை ஒன்றில் நிறுத்தினேன். கடைக்காரர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, அடியில் மிஞ்சியதை வாய் வைத்த விளிம்பு வழியாகத் தரையில் கொட்டினேன். ஒரே கிளாஸில் அடுத்துக் குடிப்பவருக்காக விளிம்பைக் கழுவிக் கொடுக்கிற வழக்கம் அது. தனியாகக் குடிப்பவன் அதைச் செய்ய வேண்டியதில்லை. என் கை தானாகச் செய்துவிட்டது.

கடைக்காரர் கிளாஸை வாங்கி, இன்னொரு மடக்கு ஊற்றி, வாசல் பக்கம் பார்த்தபடி நின்றார்.

“கொண்டுபோய்க் குடுக்கட்டுமா பெரியவரே, இல்ல அவரே வர்றாரா?”

“யார்?”

“வண்டில இருக்காரே உங்க பையன். பெல்ட்டு மாட்டி உக்கார வெச்சுட்டு வந்துட்டீங்க. பாவம், முடியெல்லாம் நனைஞ்சிருக்கு.”

நான் பணத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மணலோரத்தில் நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றினேன். கதவைத் திறந்து, “வந்துட்டோம்டா. நான் சொன்ன இடம் இதுதான்” என்றேன். இருபது நிமிடம் நின்றேன். திரும்பும்போது மணி அடிக்கவில்லை.

நான் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. படிவத்தை அப்படியே நிரப்பிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் உன் கையில் இருக்கிறது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழிப்பது என்று நீயே முடிவு செய். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

உன் அண்ணன்
எலாதியோ

*

பெனாவெர்தே விடுதி
28 அக்டோபர் 2022

எலாதியோ,

கடிதத்தைக் காவலர்களிடம் கொடுத்தேன். படிவத்தைக் கிழித்துவிட்டேன்.

மலையில் தேடத் தொடங்கிய மூன்றாம் நாள் கிடைத்துவிட்டான். சாலையிலிருந்து நாற்பது அடிகூட இல்லை, வேலிக்குக் கீழே ஒரு பாறை இடுக்கு. தொடை எலும்பு முறிந்திருக்கிறது. தலையில் அடி எதுவும் இல்லை. உடனே செத்திருக்க மாட்டான் என்று மருத்துவர் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டேன், எலும்பை வைத்து அதைச் சொல்ல முடியாதாம். அந்த இடத்தில் நானும் இறங்கி உட்கார்ந்து பார்த்தேன். மேலே போகிற ஒவ்வொரு வண்டியும் கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை நீ பூசைக்குப் போயிருந்த நேரத்தில் மாற்றுச் சாவியால் உன் வண்டியை எடுத்தது நான்தான். திருடு போனது என்று எங்கும் எழுதிக் கொடுக்காதே. முதலில் அரெனால்தாவுக்குப் போனேன். நீ அவனை அங்கே இறக்கிவிட்டாயே, எங்கே போக வேண்டும் என்று அவனிடம் கேட்டாயா? கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்டேன். இருபது நிமிடம் அல்ல, பகல் முழுவதும் நின்றேன். நான்கு மணி வாக்கில் வண்டியைக் கிளப்பினேன். மணி அடித்தது. பெல்ட்டை மாட்டிவிட்டு இங்கே வந்தேன். வழியெல்லாம் ஈரக் கம்பளி வாசனை.

நாளை எலும்புகளைப் பெட்டியில் தருகிறார்கள். பெட்டி பின்னால் வரும். முன்னிருக்கையில் இடம் இல்லை. ஒன்றாம் தேதி கல்லறைக்கு நீ வர வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. நீ கடிதத்தில் எழுதாத விஷயம். அவன் கீழேயிருந்து இரண்டாம் முறை கூப்பிட்டபோது நீ கார்க் கண்ணாடியை ஏற்றினாயாமே. அது எத்தனை மணிக்கு?

நோட்டில் பார்த்து எழுது.

ஒலாயா