திருப்பி வைத்த கும்பிடு

அக்கா,

இன்று காலை காப்பித் தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. துடைக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே கொட்டிய காப்பி வாசனையில் நம் ஆஸ்பத்திரி வந்து நின்றது, கூடவே நீங்களும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நீங்கள் டாக்டர், நான் நர்ஸ். பாலசமுத்திரத்து வெயிலில் வளர்ந்த உங்களுக்கு மலைக்குளிர் ஆகவே ஆகாது. கடைவீதியில் என் அத்தா வைத்திருந்த ஜவுளிக்கடையைச் சொல்லி, "உங்க கடைக் கம்பளி பூராத்தையும் போத்துனாலும் எனக்குக் காணாது பாத்திமா" என்பீர்கள்.

கிளாவரை மலைக்கிராமத்துப் பெண்கள் பூண்டுக்காட்டில் களை கொத்திக் கொத்தி, விரல் மரத்துப்போய் வருவார்கள். மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கியிருந்தால் சின்ன அறுவையில் விடுவித்துவிடலாம். கோளாறு வேறெங்கோ என்றால் அறுத்தும் பயனில்லை. எது என்று காட்ட நம்மிடம் கருவி ஏதும் இல்லை. புறங்கைகள் இரண்டையும் ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க மடக்கிப் பிடிக்கச் சொல்வோம். விரல் மரத்தால் மணிக்கட்டு என்று கணக்கு. ஆனால் அந்தக் குளிரில் யாருக்குத்தான் மரக்காது? அதனால் சூடான காப்பித் தம்ளரைப் பிடிக்கக் கொடுத்து, கை சூடேறிய பிறகே சோதித்தோம்.

பழனிக்குக் காவடி எடுத்துவிட்டு நேரே வந்த ஒருத்தி கையை மடக்கவே மாட்டேன் என்றாள். "கும்புட்ட கையைத் தலைகீழாப் புடிக்கச் சொல்றீங்களே டாக்டரம்மா. ஆண்டவன் கோவிச்சா எங்க காடு என்னத்துக்காகும்?"

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அவள் கையை மேசைமேல் மல்லாத்தி, மணிக்கட்டு மடிப்பை ஒட்டி உள்ளங்கை தொடங்கும் இடத்தில் பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தீர்கள். "ஆத்தீ, எறும்பு ஊருது" என்றாள். அதன்பின் எல்லாருக்கும் அதுதான் சோதனை. அழுத்தம் கூடாமல் குறையாமல் இருக்க, ஒருவர் கையில் ஒருவர் அழுத்திப் பழகினோம். அவளுக்கு அறுவை நல்லபடி முடிந்தது, மறுபடி களைக்கொத்தும் பிடித்தாள்.

பிறகு ஒருநாள் உங்கள் ஸ்வெட்டர் பொத்தானை உங்களால் போட முடியவில்லை. வலது பெருவிரலின் அடிச்சதை குழிந்திருந்தது. "மணிக்கட்டாத்தான் இருக்கும், அழுத்து" என்று கையை நீட்டினீர்கள்.

"மரக்குதாக்கா?"

"இல்ல. இன்னும் அழுத்து."

"இதுக்கு மேல அழுத்துனா கத்துவீங்க."

"கத்திக்கிறேன். அழுத்து."

உணர்ச்சி துளியும் குறையவில்லை; பலம் மட்டும் வடிந்துகொண்டிருந்தது. அது மணிக்கட்டு இல்லை, உடம்பையே மெல்ல முடக்கும் மருந்தில்லாத நோய் என்று உங்களுக்குத் தெரிந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து எனக்கும் தெரிந்தது. ஆனாலும் தினமும் வெள்ளனே வந்து கையை நீட்டினீர்கள். நாம் பார்த்துப் பார்த்துத் திருத்திய சோதனை உங்களுக்காக ஒரே ஒரு பொய் சொல்லாதா என்று நான் துஆ கேட்டேன். அது சொல்லவில்லை.

மஞ்சு விலகினால் பழனி தெரியும் சன்னல் ஒன்று உண்டே. ஒரு காலை அங்கே புறங்கைகளை ஒட்டி, கீழ்நோக்கி மடக்கி நின்றீர்கள். வலது கை நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது.

"வேணாங்கக்கா. நாமளே விட்டுட்ட சோதனைதானே."

"ஆண்டவன் கோவிச்சுக்கட்டும் பாத்திமா. அந்தக் கோவத்துலயாவது ஒரு விரல் மரக்கட்டும்."

அடுத்த மழைக்குள் கால் போனது, பிறகு குரல். கடைசியில் என்னைக் கூப்பிடக்கூட உங்களுக்கு வாய் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இன்று தரையில் உட்கார்ந்தபடியே என் வலது மணிக்கட்டில், அதே இடத்தில், நீங்கள் அழுத்தும் அளவுக்கு அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் எறும்பு ஊர்ந்தது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், எல்லாம் மரத்தன. உங்கள் விரல்களில் நாம் கெஞ்சிக் கெஞ்சித் தேடியது எனக்கு வந்திருக்கிறது, அக்கா. கையை எடுக்க மனம் வராமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.