ஏழு பெண்கள் மறுக்கவில்லை

அனுப்புநர்:
து. பத்மாசினி,
எம்.ஃபில். மாணவி, பொருளியல் துறை,
விளாங்குடி, மதுரை.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
வடவைகைப் பல்கலைக்கழகம், மதுரை.

பொருள்: என் ஆய்வேட்டின் 61ஆம் பக்கத்தில் நானே எழுதிய பொய்யைத் திருத்த அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வாடிப்பட்டி அருகே கருங்காலங்குளத்தில் நடவு வேலைக்குப் போகும் பெண்கள் அறுபது பேரைச் சென்ற ஆண்டு ஆடியில் சந்தித்து, அவர்களுடைய வேலைநேரத்தைக் கேட்டு எழுதினேன். அறுவடைக்குப் பின் அதே அறுபது பேரை மறுபடி கேட்க வேண்டும்.

2. ஐப்பசியில் அந்த ஊரில் காலரா வந்தது. பேருந்துகள் நிற்காமல் போயின. ஆய்வுக்காலத்தை நீட்டித் தரும்படி இரண்டு முறை எழுதினேன். விதியில் இடமில்லை என்று தங்கள் அலுவலகம் ஒரே வரியில் பதில் அனுப்பியது. ஊசி போட்டுக்கொண்டு தை மாதம் போனேன். ஏழு பேர் இறந்திருந்தார்கள். வீடு வீடாகக் கேட்டு அதையும் குறித்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

3. தங்கள் படிவத்தில் இறந்தவருக்குக் கட்டம் இல்லை. 'பதிலளிக்க மறுத்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் சேர்த்தால் ஆய்வு செல்லும், இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று துறையில் சொன்னார்கள். ஏழு பெயரையும் அதில் எழுதினேன்; அந்தப் படிவம்தான் ஆய்வேட்டின் 61ஆம் பக்கம். பேனாவில் மை தீர்ந்து, பக்கத்து மேசையில் பேனா வாங்கி எழுதியது மட்டும் நினைவிருக்கிறது.

4. ஆய்வேட்டின் பிரதி ஒன்றை ஊராட்சி அலுவலகத்துக்கு நானே கொடுத்திருந்தேன். அங்கே யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். போன வாரம், இறந்துபோன ஒச்சாயியின் கணவர் காசிமாயன் துறை வாசலுக்கே வந்துவிட்டார். "ஒங்களுக்குப் பதில் சொல்லப் போயித்தான் அன்னைக்கு நடவுக்குப் பிந்தி அம்புட்டு ஏச்சு வாங்குனா. அவ எப்பம்மா மறுத்தா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

5. இறப்புச் சான்று கொண்டுவந்தால்தான் திருத்த முடியும் என்கிறார் தங்கள் எழுத்தர். இறப்புப் பதிவேடு எழுத வேண்டிய கிராம முன்சீப், காலராவுக்குப் பயந்து அந்த மாதம் ஊரைவிட்டே போய்விட்டார். ஒருவருக்கும் பதிவு இல்லை. அவர்கள் செத்ததற்கு ஊரே சாட்சி, காகிதம் மட்டும் கிடையாது.

ஆகவே, 'மறுத்தவர்' என்பதை அடித்துவிட்டு, ஒச்சாயி, முத்துத்தாய், அழகம்மாள், சின்னப்பேச்சி, கருப்பாயி, வெள்ளத்தாய், காளியம்மாள் ஆகிய ஏழு பேரும் காலராவில் இறந்தார்கள் என்று என் கையால் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். பட்டமளிப்பு விழா 23ஆம் தேதி. அதற்கு முன் திருத்தினால் என் பட்டம் நின்றுபோகும் என்று எச்சரித்தார்கள். நின்றுபோகட்டும், ஐயா.

இடம்: மதுரை
நாள்: 4-8-1980

தங்கள் உண்மையுள்ள,
து. பத்மாசினி