வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னது

மார்ச் 3, திங்கள்
அப்பாவின் மாத்திரைப் பெட்டிக்குக் கணக்குப் போட்டு முடித்தேன். எங்க கம்பெனி பெட்டிதான்; நேரம் வந்தால் தானே ஒரு அறையைத் திறந்து மாத்திரை நீட்டும். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கடிகாரம் ஓடணும். அதற்குத்தான் கரண்ட்டைத் தேக்கி வைக்க பட்டன் அளவு கெப்பாசிட்டர். கடிகாரம் நின்றால் பெட்டிக்கு நேரம் மறந்துபோகும், முதல் அறையிலிருந்து மறுபடி மாத்திரை நீட்டும். இதய மாத்திரையை ரெண்டு தடவை போட்டால்... வேண்டாம், நினைக்கவே வேண்டாம்.

கெப்பாசிட்டரில் தேங்குவதைக் கடிகாரம் இழுப்பதால் வகுத்தேன். மூன்றரை நாள்! "பேக்கிங் அட்டையில மூணு நாள் தாங்கும்னு போட்டுடலாம்" என்றார் மேனேஜர். ஒரு பெட்டியைச் சோதனைக்கு வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்
ஒன்றரை நாளிலேயே நின்னுபோச்சு.

பார்த்தால் — அட அசடே! வோல்ட் பார்க்க மாட்டின மீட்டரைக் கழற்றவே இல்லை. அதுவும் சேர்ந்து உறிஞ்சியிருக்கு. மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப உன் கணக்கு சரிதான். அச்சுக்கு அனுப்பறேன்." சரிதானா? மீட்டர் அவ்வளவா குடிக்கும்? தலையாட்டி வைத்தேன்.

நாளை அப்பா அக்கா வீட்டுக்குப் போகிறார். "பெட்டிய எடுத்துட்டுப் போறேன். வயர் வேணாம், அங்க கையால தொறந்துக்கறேன். மூணு நாள் தாங்கும்ல?"

"தாங்கும்பா" என்றேன், பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டே.

மார்ச் 6, வியாழன்
அப்பா கிளம்பிட்டார். வயர் இங்கேயே கிடக்கு. மீட்டர் இல்லாமல் சோதனையை மறுபடி ஆரம்பித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு


காலையில் ஆபீஸ் போனேன். கடிகாரம் நின்றிருந்தது, மூணு நாள் ஆகவே இல்லை. கெப்பாசிட்டர் தானாகவும் கசியும். அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லையேடி, மண்டு! அப்பா போனை எடுக்கவில்லை. அக்காவுக்கு அடித்தேன். "காலை மாத்திரை போட்டுட்டுத்தான் கிளம்பினார். பெட்டிய நிரப்பியும் குடுத்தேன். ஏன்டி?" வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் பெட்டி பிளக்கில் இருந்தது. முதல் அறை திறந்திருந்தது — காலி. அப்பா நாற்காலியில் கண்ணை மூடியபடி.

"அப்பா!"

கண்ணைத் திறந்தார். உள்ளங்கையை விரித்தார். மாத்திரை. "கத்தாத. போடல."

"ஏம்பா?"

"தாங்கும்னு சொன்னப்ப நீ என் மூஞ்சியவே பாக்கல."

அவர் மடியில் விழுந்து அழுதேன்.

மார்ச் 10, திங்கள்
"ஒரு நாள்னு போடுங்க. நேரம் மறந்தா பெட்டி தொறக்கவே கூடாது." மேனேஜர் முறைத்தார். "அச்சடிச்சாச்சும்மா!" நானும் முறைத்தேன்.

மார்ச் 21, வெள்ளி
புது அட்டை வந்தாச்சு. அப்பா மறுபடி அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறார். "ஒரு நாள் தாங்குமா?"

"கண்டிப்பா தாங்கும்பா." நேராகப் பார்த்தே சொன்னேன்.

அவரும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.